மணி பிளான்ட்டுக்கு நாசா தந்த சான்றிதழ்

கேள்வி: மணி பிளான்ட்டும் பாம்புக்கற்றாழையும் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது என்கிறார் எங்கள் ஊர் நர்சரிக்காரர். இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது? (திண்டுக்கல் வாசகி)

பதில்: நாசா சொன்னது நிஜம்தான். எதை வைத்துச் சொன்னது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

விண்கலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. பிளாஸ்டிக்கும் பசையும் கக்கும் வாயுக்கள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதற்கு வழி தேடிய நாசா விஞ்ஞானி பில் வோல்வெர்ட்டன் 1989-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். சோதனையில் கூட்டுச் சேர்ந்தது அமெரிக்கத் தோட்ட அலங்கார ஒப்பந்தக்காரர்கள் சங்கம். செடியால் பிழைக்கிறவர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றுப் புகாத கண்ணாடி போன்ற பெட்டிக்குள் ஒரு தொட்டிச் செடி. அதில் பென்சீனையோ பார்மால்டிஹைடையோ செலுத்தி, 24 மணி நேரம் கழித்து அளந்தார்கள். வாயு நன்றாகவே குறைந்திருந்தது. சில செடிகளின் இலைகளை வெட்டிவிட்டும் பார்த்தார்கள், அப்போதும் குறைந்தது! வேலையில் பெரும்பங்கு வேர்மண்ணுக்கும் அதில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உரியதாம். நர்சரிக்காரர் துடைத்துத் துடைத்துக் காட்டுவது என்னவோ இலையைத்தான்.

மூடிய பாத்திரத்தில் செடியைச் சோதிப்பது அதற்கும் முன்பே உண்டு. 1771-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. காற்றைச் செடி சீராக்கும் என்ற எண்ணத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

நம் வீடு பெட்டியல்ல. கதவிடுக்கு, ஜன்னல் வழியே காற்று வந்துபோய்க்கொண்டே இருக்கிறது. செடி செய்வதைவிடப் பல மடங்கு அதுவே செய்துவிடும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் இருவரும் 2019-இல் பழைய சோதனைகளையெல்லாம் கூட்டிக் கணக்கிட்டார்கள். அந்தக் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டுமாம். பத்துக்குப் பத்து அறையில் குறைந்தது தொண்ணூறு தொட்டி! கட்டிலைத் தூக்கி வெளியே போட வேண்டியதுதான்.

கண்ணுக்குப் பச்சை இதம் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காகவே வாங்கலாம்.

கேள்வி: செடி இருக்கிற அறையில் ராத்திரி படுக்கக் கூடாது என்கிறாரே என் மாமியார்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அவர் பேச்சுக்கும் வேர் உண்டு. செடி வெளிச்சத்தில்தான் காற்றைத் திருத்துகிறது, இருட்டில் கெடுக்கிறது என்று 1779-இல் எழுதினார் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். ஆனால் நாலைந்து தொட்டிச் செடிகள் இரவில் விடும் கரியமில வாயு, பக்கத்தில் குறட்டை விடுகிறவர் விடுவதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது பாட்டில் தண்ணீரில் நிற்கும் மணி பிளான்ட்டுக்கு. டெங்கு கொசு முட்டையிட அந்தத் தண்ணீர் போதும். வாரம் ஒருமுறை கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.