இழுப்பறையில் உறங்கும் அன்பளிப்பு

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், திருமணம் என எந்த நல்ல நாள் வந்தாலும் வெறுங்கையுடன் போகக்கூடாது என்பது தமிழர் வழக்கம். சிங்கப்பூரிலும் இவ்வழக்கம் தொடர்கிறது. தீபாவளியன்று பெரியவர்கள் சிறுவர்களுக்குச் சிறிய உறைகளில் பணம் கொடுக்கிறார்கள். திருமண வீட்டில் மொய் கொடுக்கிறார்கள். மொய் உறையில் 50 வெள்ளி வைப்பவர், ஒரு வெள்ளி நாணயத்தையும் சேர்த்து அதை 51 ஆக்குவார். கணக்கு இத்தோடு முடிந்துவிடாமல் உறவு மேலும் தொடர வேண்டும் என்பதே அந்த ஒரு வெள்ளியின் பொருள்.

இப்போது பல குடும்பங்களில் பண உறைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இடம்பிடித்திருக்கிறது. அதுதான் அன்பளிப்பு அட்டை. முன்பு கடைகள் தாளில் அச்சிட்ட அன்பளிப்புப் பற்றுச்சீட்டுகளை விற்றன. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடைகள் சில நெகிழி அட்டைகளை விற்கத் தொடங்கின. இன்று அட்டை என்ற பெயர் இருந்தாலும், பல வேளைகளில் அது கைத்தொலைபேசிக்கு வரும் ஓர் எண் மட்டுமே.

பணமா, பொருளா?

அன்பளிப்பு அட்டை பணம் போலத் தோன்றும்; ஆனால், அது முழுமையான பணம் அன்று. 50 வெள்ளி நோட்டைப் பெரும்பாலான கடைகளில், எந்த நாளிலும் கொடுக்கலாம். 50 வெள்ளி அட்டைக்கோ எல்லைகள் உண்டு. குறிப்பிட்ட கடையிலோ சில கடைகளிலோ மட்டுமே அது செல்லும். பெரும்பாலான அட்டைகளுக்குக் காலாவதி நாளும் உண்டு. செலவு செய்த பிறகு எஞ்சும் தொகையைப் பொதுவாக ரொக்கமாகத் திரும்பப் பெறவும் முடியாது.

அட்டையை வாங்கும் நாளிலேயே கடைக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பொருள் மட்டும் பிறகு வருகிறது. ஆகவே, அட்டை என்பது கடை கொடுத்திருக்கும் ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் கேட்டுப் பெற யாரும் போகாவிட்டால், பணம் கடையிடமே தங்கிவிடும். அட்டை முடிவதற்குள் கடையே மூடப்பட்டுவிட்டால், பணத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம்.

அப்படியானால், பணமாகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இதைப் பற்றி ஆராய்ந்து, 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பண்டிகைக்குக் கிடைத்த பொருள்களின் மதிப்பைப் பற்றி அவர் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். கொடுத்தவர் செலவு செய்த தொகையைவிடப் பெற்றவர் அப்பொருளுக்குத் தந்த மதிப்பு குறைவாகவே இருந்தது. அந்த இழப்பு 10 விழுக்காடு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். பெறுபவரின் விருப்பம் சரியாகத் தெரியாதபோது பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று என்பதை இது காட்டுகிறது.

அன்பளிப்பு அட்டை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. “உனக்குப் படிக்கப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தப் புத்தகம் என்பதை நீயே தேர்ந்தெடு” என்று ஒரு புத்தகக் கடை அட்டை சொல்கிறது. கொடுப்பவரின் அக்கறையும் பெறுபவரின் உரிமையும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால், யாருக்குக் கொடுக்கிறோம் என்று எண்ணாமல் கொடுத்தால் இந்தச் சிறப்பு காணாமல் போய்விடும்.

அலமாரியில் இருந்த அட்டை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டி தோ பாயோவில் வசிக்கிறார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குப் பேரன் தன் சேமிப்பிலிருந்து 50 வெள்ளி எடுத்து, ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள ஒரு பெரிய கடையின் அன்பளிப்பு அட்டையை வாங்கிக் கொடுக்கிறான். பாட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பிறகு, தம் பட்டுச்சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைக்கிறார்.

ஓராண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. அடுத்த தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பேரனின் கையில் அந்த அட்டை கிடைக்கிறது. பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறான். காலாவதி நாள் கடந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. கடைக்குப் போய்க் கேட்கிறான். அங்கிருந்த ஊழியர் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, இனி இதைப் பயன்படுத்த முடியாது என்று பணிவாகச் சொல்லிவிடுகிறார்.

“ஏன் பாட்டி, இதைச் செலவு செய்யவே இல்லை?” என்று பேரன் வருத்தத்துடன் கேட்கிறான்.

“நீ ஆசையாகக் கொடுத்ததை எப்படிச் செலவு செய்வேன், கண்ணு? அதனால்தான் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் தேதி இருப்பது எனக்குத் தெரியாதே” என்கிறார் பாட்டி.

தேதி அட்டையில் இருந்தது உண்மைதான். ஆனால், அது சிறிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். அவருக்குப் பழக்கமான இடங்கள் புளோக்கின் கீழே உள்ள கடைகள், ஈரச்சந்தை, மாதம் ஒரு முறை போகும் தேக்கா ஆகியவைதாம். ஆர்ச்சர்ட் சாலைக் கடைக்குத் தனியாகப் போக அவருக்குத் தயக்கம். பேரனின் அன்பில் குறையில்லை. பாட்டி காட்டிய மரியாதையிலும் குறையில்லை. ஆயினும் 50 வெள்ளி வீணானது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்பதே அதற்குக் காரணம்.

கொடுப்பவர் செய்ய வேண்டியவை

அந்தத் தீபாவளிக்குப் பேரனும் அவன் தங்கையும் வேறு விதமாகச் செய்கிறார்கள். பாட்டி அடிக்கடி போகும் பேரங்காடியின் அட்டையை வாங்குகிறார்கள். உறையின் மேல் கடையின் பெயர், தொகை, கடைசி நாள் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்துகளில் எழுதுகிறார்கள். அதன் கீழே, “வரும் சனிக்கிழமை நாங்களும் உடன் வருகிறோம்” என்று ஒரு வரியையும் சேர்க்கிறார்கள்.

சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போகிறார்கள். பாட்டி 32 வெள்ளி 90 காசுக்கு ஒரு புதிய தோசைக்கல் எடுக்கிறார். பிறகு, பேரப்பிள்ளைகளுக்காக 13 வெள்ளி 70 காசுக்கு மைலோ எடுக்கிறார். “இது உங்களுக்கான அன்பளிப்பு, பாட்டி!” என்று பேத்தி செல்லமாகக் கண்டிக்கிறாள். “நீங்கள் குடிப்பதைப் பார்ப்பதுதானே எனக்குச் சந்தோஷம்!” என்று பாட்டி சிரிக்கிறார். அட்டையில் இன்னும் 3 வெள்ளி 40 காசு மீதி இருக்கிறது. 3 வெள்ளி 60 காசு விலையுள்ள தேங்காய்ப்பால் பொட்டலத்தை எடுத்து, குறைந்த 20 காசை நாணயமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையில் ஒரு காசும் மிஞ்சவில்லை.

முதல் அட்டையும் 50 வெள்ளி; இரண்டாவது அட்டையும் 50 வெள்ளி. இரண்டாம் முறை பெறுபவரின் வாழ்க்கையைப் பார்த்து அட்டை தேர்ந்தெடுக்கப்பட்டது. அவர் எங்கே போவார், எந்த மொழியில் வாசிப்பார், உதவி தேவைப்படுமா என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். கைத்தொலைபேசியைப் பயன்படுத்தத் தயங்கும் முதியவருக்கு மின்னிலக்க அட்டை அனுப்புவதைவிடக் கையில் தொட்டுப் பார்க்கும் அட்டையே நல்லது. வெளியூரில் படிக்கும் அக்காவுக்கோ மின்னிலக்க அட்டைதான் வசதி.

பெறுபவர் செய்ய வேண்டியவை

அன்பளிப்பைப் பெறுவதும் ஒரு பொறுப்பே. அட்டை கிடைத்தவுடன் காலாவதி நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். அட்டையோடு ரசீதும் கிடைத்தால் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பகுதியைச் செலவு செய்த பிறகு, மீதித் தொகையை அட்டையின் உறையில் எழுதி வைத்தால் மறக்காது.

அட்டை கையில் இருப்பதால் தேவைக்கு மேல் வாங்கிவிடக்கூடாது. 50 வெள்ளி அட்டையை வைத்துக்கொண்டு 120 வெள்ளிக் காலணியை எடுப்பவர், 50 வெள்ளி மிச்சம் என்று நினைக்கிறார். உண்மையில் அவருடைய பையிலிருந்து 70 வெள்ளி போகிறது. அட்டை விற்கும் கடைகள் இத்தகைய கூடுதல் செலவையும் எதிர்பார்க்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்தவரிடம் நன்றி சொல்ல வேண்டும். “நன்றி, மாமா” என்பதோடு நிறுத்தாமல், “நீங்கள் கொடுத்த அட்டையில் அறிவியல் புத்தகம் ஒன்று வாங்கினேன், மாமா” என்று சொன்னால் அவர் கூடுதலாக மகிழ்வார். தம் அன்பளிப்பு என்னவாக மாறியது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

குடும்பத்துக்கே கிடைக்கும் பற்றுச்சீட்டு

சிங்கப்பூரில் பலருக்கும் பழக்கமானவை சிடிசி பற்றுச்சீட்டுகள். இவை அன்பளிப்பு அட்டைகள் அல்ல. அரசாங்கம் வாழ்க்கைச் செலவைச் சமாளிக்கக் கொடுக்கும் உதவி. ஆயினும், பயன்படுத்தும் முறையில் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. 2024 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 500 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. பாதித் தொகை உணவங்காடிகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், மறுபாதி பேரங்காடிகளுக்கும் உரியதாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 வரை அவற்றைப் பயன்படுத்த முடிந்தது.

குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் மூலம் அவற்றைப் பெறலாம். அப்போது ஓர் இணைப்பு குறுந்தகவலில் வரும். அந்த இணைப்பை வைத்திருக்கும் குடும்பத்தினர் அனைவரும் ஒரே தொகையிலிருந்து செலவு செய்யலாம். இங்கேதான் பேச்சு தேவைப்படுகிறது. அப்பா காலையில் உணவங்காடியில் செலவு செய்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டும். பாட்டியின் தேவைக்கென ஒரு பகுதியை ஒதுக்க வேண்டுமா என்றும் முடிவு செய்ய வேண்டும். 2025 ஜூலை முதல் வழங்கப்பட்ட எஸ்ஜி60 பற்றுச்சீட்டுகளோ தனிமனிதருக்கு உரியவை. 21 முதல் 59 வயது வரையுள்ள சிங்கப்பூரர்களுக்கு 600 வெள்ளியும், 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 800 வெள்ளியும் ஒதுக்கப்பட்டன. தாத்தா பாட்டியின் பற்றுச்சீட்டுகளைப் பயன்படுத்த உதவும் பேரப்பிள்ளைகள், அது அவர்களுடைய பணம் என்பதை மறக்கக்கூடாது. அவர்கள் கேட்பதை வாங்கிக் கொடுப்பதும், மீதி எவ்வளவு என்று சொல்வதும் நம் கடமை.

எண்ணே பணம்

அன்பளிப்பு அட்டையின் மதிப்பு அதன் எண்ணில் இருக்கிறது. எண்ணைத் தெரிந்துகொண்டவர் அட்டை இல்லாமலேயே பணத்தைச் செலவு செய்துவிடலாம். மோசடிக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். அதிகாரியைப் போலவோ நண்பரைப் போலவோ பேசி, அட்டைகளை வாங்கி எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். எந்த அரசாங்க அமைப்பும் அன்பளிப்பு அட்டை மூலம் பணம் கேட்காது. ஐயம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். இதை வீட்டிலுள்ள முதியவர்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல, இரு மொழி அறிந்த மாணவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

முடிவாக

கடையில் 20, 50, 100 வெள்ளி என்றுதான் அட்டைகள் கிடைக்கும். 51 வெள்ளி அட்டை கிடைப்பது அரிது. மொய் உறையில் வைக்கும் அந்த ஒரு வெள்ளியை அட்டையில் சேர்க்க முடியாது. ஆனால், அதற்கு ஈடாக வேறொன்றைச் சேர்க்கலாம். உறையின் மேல் தமிழில் எழுதும் இரண்டு வரி, கடைசி நாளுக்கு முன் நினைவூட்டும் ஓர் அழைப்பு, உடன் கடைக்குப் போகும் ஒரு மணி நேரம் ஆகியவற்றில் எதுவாகவும் அது இருக்கலாம். அட்டையைக் கையில் கொடுக்கும்போது அன்பளிப்பு பாதிதான் முடிகிறது. பெற்றவர் அதைப் பயன்படுத்தி மகிழும்போதே அது முழுமை பெறுகிறது.

கலந்துரையாடுக

1. பேரன் கொடுத்த முதல் அட்டை வீணானதற்குரிய காரணங்கள் யாவை?
2. உங்கள் வீட்டிலுள்ள முதியவருக்கு எந்தக் கடையின் அன்பளிப்பு அட்டையைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்?
3. “பணம், பொருள், அன்பளிப்பு அட்டை ஆகியவற்றுள் சிறந்த அன்பளிப்பு எது?” குழுவாகப் பேசி, உங்கள் கருத்தைக் காரணங்களுடன் கூறுக.