குடிக்காதவருக்கு விஸ்கி ஆலையில் என்ன வேலை?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் வேலை பார்க்கிறான். வரும் கோடையில் நானும் கணவரும் போகிறோம். பர்பன் விஸ்கி ஆலைகளைச் சுற்றிக்காட்டுகிறேன் என்கிறான். கணவர் எப்போதாவது குடிப்பார். நான் தொட்டதே இல்லை. அங்கே எனக்குப் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். லூயிவில் இருக்கும் கென்டக்கி மாநிலத்தின் மது ஆலைகள் சங்கம் 1999-இல் 'கென்டக்கி பர்பன் டிரெயில்' என்ற சுற்றுலாப் பாதையைத் தொடங்கியது. ஆலையைச் சுற்றிக்காட்டுவதே இன்று அங்கே தனித் தொழில். கடைசியில் ருசி பார்க்கத் தரும்போது 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

பார்க்க வேண்டியது பாட்டிலை அல்ல, பீப்பாயை. பர்பன் என்று பெயர் போட, தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறத்தைத் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். நிறமோ மணமோ தனியாகச் சேர்க்கக் கூடாது. இது அமெரிக்கச் சட்டம். வடித்து இறக்கும்போது அந்தச் சாராயம் தண்ணீர்போல இருக்கும். செம்பழுப்பு நிறம் முழுக்கக் கருகிய மரம் கொடுப்பது. சாராயம் வெயில் காலத்தில் மரத்துக்குள் ஊறிப்போய், குளிரில் திரும்பி வரும். பர்பனுக்கு ஒருமுறை பயன்பட்ட பீப்பாயில் மறுபடி பர்பன் வைக்க முடியாது. அவற்றில் பல ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறி, ஸ்காட்ச் விஸ்கி வைக்கப் பயன்படுகின்றன.

ஒரே ஓர் ஆலைதான் பார்க்க முடியும் என்றால், லொரெட்டோ என்ற சிற்றூரில் உள்ள 'மேக்கர்ஸ் மார்க்' போங்கள். சைப்ரஸ் மரத் தொட்டிகளில் தானியக் கூழ், அடியில் நெருப்பே இல்லாமல், இட்லி மாவுபோலப் பொங்கி நுரைத்துக்கொண்டிருக்கும். பாட்டில் வாங்கினால், அதன் கழுத்தை உருகிய சிவப்பு மெழுகில் நீங்களே முக்கி எடுக்கலாம். கிடங்குகளின் சுவரும் பக்கத்து மரங்களும் கரி பூசியதுபோல இருந்தால் அழுக்கு என்று நினைக்காதீர்கள். பீப்பாயிலிருந்து கசியும் ஆவியை உண்டு வளரும் ஒரு கரும்பூஞ்சை அது.

சில நடைமுறை விஷயங்கள். கோடையில் சில ஆலைகள் பராமரிப்புக்காக வடிப்பதை நிறுத்திவிடும். நீங்கள் போகும் நாளில் வேலை நடக்குமா என்று கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். தேதியை மாற்ற முடிந்தால் செப்டம்பர் நல்லது. பார்ட்ஸ்டவுனில் பர்பன் திருவிழாவும் அப்போதுதான். கிடங்குகளில் ஏ.சி. இருக்காது, படிகள் உண்டு. பருத்தி உடையும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். 21 வயது ஆகாதவர்களுக்கு மது தர மாட்டார்கள் என்பதால் வயதுச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆலைகள் ஊருக்கு ஊர் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு போதும். ஊர் திரும்பும்போது ஒருவர் 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. மகன்தான் கார் ஓட்டுகிறார் என்றால் அன்று அவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. அது முடியாதென்றால், லூயிவில்லிலிருந்து ஓட்டுநரோடு கிளம்பும் சுற்றுலா வேனில் மூவருக்கும் இடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.