புதையல் பேச்சும் தோட்டத்து மண்ணும்

மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு புதையல் கதை கேட்கக் கிடைக்கும். ஓரிடத்தில் அது பழைய பங்களாவின் குசினிக்குக் கீழே இருக்கும். இன்னோரிடத்தில் கோப்பிக்காலத்துக் கல்லறைக்குப் பக்கத்தில். கதை மட்டும் உலவிய காலம் போய், இப்போது கையில் உலோகம் தேடும் ‘ஸ்கேனர்’ வந்துவிட்டது. இரவில் கிடங்கு வெட்டுகிறார்கள், சிலர் பொலிஸில் பிடிபடுகிறார்கள், பிறகு வேறொரு மலையில் அதே வேலை தொடங்குகிறது. இதைப் பேராசை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. செவிவழி வந்த சில பிழையான நம்பிக்கைகளை நாம் திருத்தாமல் விட்டிருக்கிறோம்.

“துரைமார் போகும்போது தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனார்கள்” என்பதே எல்லாவற்றுக்கும் வேர். எந்தத் துரை, எப்போது போனார்? 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரே அழிந்தது. அப்போது தோட்டத்தைக் கைவிட்டுப் போனவர்களில் பலர் கடனாளிகள். பொன் இருந்திருந்தால் கடனை அடைத்திருப்பார்கள். தோட்டத்துறையின் பணம் வங்கியிலும் தாளிலும்தான் இருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரச உத்தரவாதம் கொடுக்க நேர்ந்ததும் அதனால்தான். தேயிலைக்காலத் துரைமாரோ அவசரமாக ஓடவே இல்லை. சுதந்திரத்துக்குப் பின்னும் பிரித்தானியாவில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகள் தோட்டங்களை நடத்தின. 1975இல்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. அதுவரை இலாபம் முறையாகக் கணக்கெழுதப்பட்டு லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இத்தனை தலைமுறை உழைத்த செல்வம் எங்கே போயிற்று என்ற கேள்வி நியாயமானது. இந்தக் கதை சாகாமல் இருப்பதற்கு அந்தக் கேள்வியே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் கம்பனிக் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டிய பதிலை நாம் மண்ணில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

“மெஷின் தங்கத்தைக் காட்டிக் கொடுக்கும்” என்பது அடுத்தது. கருவி மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. உள்ளே இருப்பது தங்கமா, போத்தல் மூடியா என்று அது உறுதியாகச் சொல்லாது. ஒற்றை நாணயம் என்றால் சாதாரணக் கருவிக்கு ஓரடி ஆழமே கடினம். இருபதடிக்குக் கீழே பானை தெரிகிறது என்பவர் நம்மை ஏமாற்றுகிறார். இரும்புச்சத்து மிகுந்த மண்ணும் பொய்யொலி தரும். லயத்துக் கூரையிலிருந்து விழுந்த தகரமும் ஆணியும், முறிந்த கவ்வாத்துக் கத்தியும் தோட்டமெங்கும் புதைந்து கிடக்கின்றன. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கிடங்கு! 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அதற்கும் புதையலுக்கும் தொடர்பில்லை. ஆனால் சரிவில் வெட்டி மூடாமல் விட்ட கிடங்கில் மழைநீர் தேங்கி உள்ளிறங்கினால் யாருடைய லயத்துக்கு ஆபத்து என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பூதம் காக்கிறது, பலி கொடுத்தால் விலகும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அதைச் சொல்பவர் பூசைச் செலவை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார். கிடங்கில் ஒன்றும் இல்லையென்றால் பூசையில் குறை என்கிறார்.

“பொது இடம்தானே, எடுத்தவருக்கே சொந்தம்” என்பதும் தவறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கண்டுபிடிக்கப்படாமல் மண்ணுள் கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. அனுமதிப்பத்திரம் இன்றி அதைத் தேடிச் சொந்தக் காணியில்கூடத் தோண்ட முடியாது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களை அந்தச் சட்டம் தொல்பொருள் என்கிறது. “நான் தேடுவது விக்டோரியா காசுதானே” என்று சிலர் இதில் வழி தேடுகிறார்கள். தோண்டுமுன் உள்ளே இருப்பது எந்தக் காலத்தது என்று யாருக்குத் தெரியும்? தவிரவும், பொது இடத்துக்கும் உரியவர் உண்டு. உதாரணமாக, 1897இல் அமைந்த நுவரெலியா விக்டோரியா பூங்கா மாநகர சபையின் பொறுப்பில் இருக்கிறது. அதன் புற்றரையைக் கிளறுவது பொதுச்சொத்துக்குச் சேதம். தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுடையது. கம்பனிகள் 1992 முதல் நடத்துவது குத்தகையில்.

“பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் விலை” என்பதைக் கைபேசிக் காணொளிகள் பரப்புகின்றன. 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புச் சதங்கள், ஒருபுறம் விக்டோரியா தலையும் மறுபுறம் பனைமரமுமாக, இன்றும் ஏராளமாக உள்ளன. வயதால் மட்டும் விலை கூடாது. அரிதானதா, தேயாமல் இருக்கிறதா என்றே சேகரிப்பவர் பார்ப்பார். புளி போட்டுத் தேய்த்தால் இருந்த மதிப்பும் போய்விடும். வாங்குவதாகச் சொல்லிப் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. இந்தியக் கரையில் இருந்த மண்டபம் முகாம் வழியாக வந்த நம் முன்னோர் தோட்ட இலக்கமும் ஆள் இலக்கமும் பொறித்த தகர வில்லையை அணிந்து வந்தார்கள். கோப்பி வியாபாரக் கம்பனிகள் கூலிக்காகச் செப்பு வில்லைகள் வெளியிட்டன. தங்கம் தேடுபவருக்கு இவை குப்பை. கிடங்கோரத்தில் வீசிவிட்டுப் போகிறார். பெயரே பதியப்படாமல் உழைத்து மறைந்த மக்களுக்கு, அந்தத் தகரத்தில் உள்ள இலக்கம் சில வேளை ஒரே சான்று. அது கிடந்த மலையும் ஆழமும் தெரியாமல் போனால் அந்தச் சான்றும் பாதி அழிந்ததுதான்.

ஆகவே கான் வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பழைய பொருள் ஏதும் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். இருந்த இடத்திலேயே படமெடுத்து, தோட்டம், டிவிஷன், மலை இலக்கம், ஆழம் ஆகியவற்றை எழுதிவைத்து, கிராம சேவகருக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ உடனே அறிவியுங்கள்.