சாமி கண்ணைக் குத்தாது

வேதாரண்யத்தில் ஞாயிறு பள்ளி நடத்தத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியைக்கு

அன்புள்ள தங்கச்சி,

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஞாயிறு பள்ளிப் பொறுப்பையும் ஏற்றிருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷம், கொஞ்சம் கவலையும்கூட. தேவனுடைய மாறாத அன்பை உப்பளத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய்.

முதலில் ஒன்றை விட்டுவிடு. எந்த மதத்து வீடானாலும் நம் பக்கம் புழங்குகிற மிரட்டல் அது: "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." பிள்ளை அப்போதைக்கு அடங்கிவிடும். ஆனால் அந்தச் சாமியிடம் அது மனசைத் திறந்து பேசாது. "சமத்தா இருந்தாத்தான் இயேசப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும்" என்பதும் அதே மிரட்டல்தான், கொஞ்சம் இனிப்பு தடவியது. எந்தத் தாயும் சமத்துப் பார்த்துச் சோறு போடுவதில்லை. காலையில் அடி வாங்கிய பிள்ளைக்கும் மத்தியானம் தட்டு வைக்கப்படுகிறது. இதைப் பிள்ளைகளிடமே கேள், ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். கண்டிப்பும் அன்பும் ஒரே வீட்டில் எப்படி இருக்க முடியும் என்று அதன்பிறகு நீ விளக்க வேண்டியதே இல்லை.

அற்புதங்களைத் தேடி ஓடாதே. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நம் கரையைக் கடந்தது. அந்த ராத்திரியில் தேவன் காப்பாற்றினார் என்று எல்லாரும் சாட்சி சொல்கிறார்கள். சொல்லட்டும், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் நீ அதற்குப் பிந்தைய நாட்களைச் சொல். கரண்ட் இல்லை; தென்னையும் மாவும் சாய்ந்து கிடந்தன; கையில் வேலை இல்லை. அப்போதும் யாரோ ஒருவர் குடத்தோடு போய் நின்று தண்ணீர் பிடித்து வந்தார், ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சினார், தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டார். மாறாத அன்பு என்பதற்கு இதைவிட நெருக்கமான பாடம் நம் ஊரில் இல்லை. உப்பு சீசனில் விடியும் முன்பே பாத்தியில் இறங்கும் அம்மா, அதற்கும் முன்னால் எழுந்து பிள்ளைக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். தூங்குகிற பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. ஓசியா 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். அங்கே தேவன் நடை பழக்குகிற தகப்பனாக வருகிறார், பிள்ளைக்கோ அது தெரியவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. "கடவுள் நம்ம அப்பா மாதிரி" என்று வகுப்பில் எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே. குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவின் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கும். அதற்கு அந்த வாக்கியம் நற்செய்தி ஆகாது. அந்தப் பிள்ளையை யார் குளிப்பாட்டுகிறார்கள், காய்ச்சல் என்றால் யார் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று விசாரித்துக்கொள். அப்பாயியோ, சித்தியோ, பக்கத்து வீட்டு அத்தையோ, அங்கிருந்து தொடங்கு.

தாயும் தகப்பனுமே இல்லாதவர்களும் நம் கரைக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26, அன்றும் ஞாயிறுதான். சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அனாதையான பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு காப்பகம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் கல்யாணம் நடந்தபோது பெற்றவர் ஸ்தானத்தில் அவர்தான் நின்றார். செய்தித்தாள்கள் கல்யாணத்தைப் பெரிதாகப் போட்டன. என் மனதில் நிற்பது நடுவில் போன அத்தனை வருஷங்கள்தான்.

நம் சபை வரலாற்றிலும் அப்படி ஒருவர் உண்டு. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்கவைத்தார். அவர்தான் பிற்பாடு வேதநாயக சாஸ்திரியார். தஞ்சாவூர் அரண்மனைச் சண்டையில் ராஜாவின் தத்துப்பிள்ளை சரபோஜியின் உயிருக்கே ஆபத்து வந்தபோதும் ஐயர் அரணாக நின்றார். சாஸ்திரியார் கிறிஸ்துவைப் பாடினார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அதற்காக ஐயரின் பாசம் ஒரு குன்றுமணி குறையவில்லை. 1798இல் ஐயர் இறந்த பிறகு சரபோஜி பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் வடித்தது. தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. படுக்கையில் கிழவர், அவர் கையைப் பற்றியபடி ராஜா சரபோஜி, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். முடிந்தால் உன் வகுப்பை ஒருமுறை அங்கே அழைத்துப் போ. சரபோஜி ஏன் ஞானஸ்நானம் வாங்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். மழுப்பாதே. வாங்காதவரையும் ஐயர் பிள்ளையாகவே பார்த்தார் என்று சொல்.

உன் குழந்தை ராத்திரியில் தூங்கவிடவில்லை, ஜெபிக்க நேரமில்லை என்று எழுதியிருந்தாய். குற்றமாக நினைக்காதே. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இரண்டு வார்த்தை பேசு, போதும். பாட ஆயத்தத்தைச் சனிக்கிழமை சாயங்காலத்தோடு முடித்துக்கொள். குழந்தை கண் அசரும்போது நீயும் படுத்துவிடு. ஞாயிறு காலை மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ளட்டும். நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா