வைப்பர் ஆர்மின் பின்பக்கம்

கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் காரில் முதலில் துருப்பிடிப்பது கதவோ பானெட்டோ இல்லை. வைப்பர் ஆர்ம், நம்பர் பிளேட் பிராக்கெட், கண்ணாடி ஓரத்து மெட்டல் பீடிங் போன்ற சில்லறை உருப்படிகள்தான். இவற்றில் பரப்பு குறைவு, விளிம்பு அதிகம். கூர்மையான விளிம்பில் பெயின்ட் தங்காது; ஈரமாக இருக்கும்போதே உள்பக்கமாக விலகி, அந்த ஓரத்தில் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். உப்புக்காற்று நுழைவது அந்த வழியாகத்தான்.

பெயின்ட் ஷாப்பில் கொடுத்தால் பெரும்பாலும் கழற்றாமலே, சுற்றிலும் பேப்பர் ஒட்டி, மேலாக அடித்துத் தந்துவிடுவார்கள். கழற்றி மாட்டும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் அழுக்கும் ஈரமும் தேங்குவது பின்பக்கத்தில். என் மாருதி 800-ன் வைப்பர் ஆர்மைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது முன்பக்கம் லேசான புள்ளிகள்தான், பின்பள்ளம் முழுக்கப் பொருக்குத் துரு. வீட்டில் இந்த வேலையைச் செய்வதன் முழு லாபமும் கழற்றுவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். கழற்றும் முன் வைப்பர் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து ஒரு காந்தம். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியம். இது தெரியாமல் பிரைமர் வாங்கக் கூடாது. அலுமினியத்தைத் தேய்த்த சில நிமிடங்களிலேயே காற்று பட்டு அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். சாதாரண பிரைமர் அதில் சரியாகப் பிடிக்காது, அமிலம் கலந்த எட்ச் பிரைமர் வேண்டும். துத்தநாகம் பூசிய பிராக்கெட்டில் ரெட் ஆக்சைடு பிரைமரை நேரடியாக அடித்தால், எண்ணெய் அடிப்படையிலான அந்தப் பூச்சுடன் துத்தநாகம் வினைபுரிந்து நாளடைவில் தகடு தகடாக உரியும். குரோம் பளபளப்புக்கு நேர்மேலே எந்தப் பெயின்டும் நிற்காது. பழைய பத்மினி, அம்பாசிடர் குரோம் உருப்படிகளை நான் வீட்டில் தொடுவதே இல்லை. குரோம் நல்ல நிலையில் இருந்தால் அதை மறைப்பது பாவம், கெட்டுப்போயிருந்தால் முலாம் பூசும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

உப்புத்தாளை எடுப்பதற்கு முன் பிசுக்கை நீக்குங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. டேஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் பாலிஷ்களில் சிலிக்கோன் இருக்கும். அதன்மேலேயே தேய்த்தால் கீறல்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு பெயின்ட் அடிக்கும்போது மீன்கண் போல வட்டக் குழிகள் விழும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: ஒரே படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பார்த்த கையோடு ஈரத்தைத் துடைத்துக் காயவைத்துவிட வேண்டும்.

துருவுக்கு 80-ம் நம்பர் தாள், பிறகு 180, முடிவில் 320. விளிம்புகளையும் லேசாக மழுக்கிவிடுங்கள். பள்ளத்துக்குள் தாள் எட்டாத துருவுக்கு டானிக் அமிலம் கலந்த துருமாற்றி பயன்படும், தடவியதும் கறுத்துவிடும். கடுக்காய்ச் சாற்றையும் இரும்பையும் சேர்த்து நம் துணிச்சாயக்காரர்கள் கறுப்பு எடுத்ததும் இதே வினைதான், இதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். துருமாற்றி தடவிய இடத்தில் எட்ச் பிரைமர் வேண்டாம், பிரைமரின் அமிலம் அந்தக் கறுத்த படலத்தைக் கெடுத்துவிடும். தேய்த்து முடித்த இரும்பை வெறுங்கையால் தொடாமல், அன்றைக்கே பிரைமர் போட்டாக வேண்டும். சென்னைக் காற்றில் ஓர் இரவு விட்டால் போதும், மறுநாள் காலையில் செம்மை படர்ந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே கேனைத் தொடாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது உலோகப் பரப்பு குளிரும்; அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் படிந்து கறுப்புப் பெயின்ட் வெளுத்துப்போகும். நல்ல நேரம் வெயில் மாதங்களில், பனி விலகிய பின், கடற்காற்று எழும்புவதற்கு முன்.

அடிப்பது சிறிய வேலை. உருப்படியைக் கம்பியில் தொங்கவிட்டு, முதலில் பின்பக்கம், பிறகு ஓரம், கடைசியில் முகம். 20 முதல் 25 செ.மீ. தூரம், உருப்படிக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கும் வீச்சு, மெல்லிய பூச்சுகள், நடுவில் பத்து நிமிட இடைவெளி. அடுத்த பூச்சை எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று கேனிலேயே போட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் கேன் சொல்லும் மறு அவகாசம் வரை காத்திருங்கள், இல்லையென்றால் அடிப்பூச்சு சுருங்கி மேலெழும். ஆர்மின் உள்பற்கள் உள்ள துளையிலும் ஸ்பிரிங் மூட்டிலும் பெயின்ட் போகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஹார்டனர் கலக்கும் 2கே கிளியர் மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது என்பதற்காக உடனே மாட்டிவிட வேண்டாம். ஒரு வாரமாவது தொங்கட்டும். அலுமினிய பீடிங்கை இரும்புக் கிளிப்பில் மாட்டுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷரோ கொஞ்சம் மெழுகோ வையுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். கிளிப் துருவேறியிருந்தால் அதற்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கேட்டால் வேறு கிடைக்கும்.