அறுகோணத்தை வெட்டப்போவது கையா, எஃகா, கணினியா?

தேக்கா நிலையத்தின் மாடியில் தையல்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ரவிக்கையும் சல்வாரும் தைத்த பிறகு அங்கே எத்தனையோ துண்டுத் துணிகள் மிஞ்சுகின்றன. அவற்றை ஒரே அளவில் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தால் அழகான போர்வை கிடைக்கும். இதைத்தான் ‘குவில்ட்’ என்கிறார்கள். உங்கள் பள்ளியில் தொண்டூழியத் திட்டமாக இப்படி ஒரு போர்வை தைக்க முடிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துணி வெட்டும் இயந்திரம் வாங்க வேண்டுமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி உடனே வந்துவிடும். நல்ல இயந்திரத்துக்குச் சில நூறு வெள்ளி ஆகும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் அது அலமாரியில் தூங்கும், மன்றத்தின் பணமும் அதோடு தூங்கும்.

இதே சிங்கப்பூரில், எந்த இயந்திரமும் இல்லாமல் இந்த வேலையைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. பிறகு பெண்களும் பிள்ளைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வெனியின் முயற்சியால் மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆளுக்கொரு சதுரத்தில் பெண்கள் பூத்தையல் போட்டார்கள். தாங்கள் உயிரோடு இருப்பதைப் பிரிந்திருந்த கணவர்களுக்குத் தெரிவிக்கவும் அந்தச் சதுரங்கள் உதவின. அதே சிறையில் சாரணியர் குழுவைச் சேர்ந்த சிறுமிகள் தங்கள் தலைவி எலிசபெத் எனிஸின் பிறந்தநாளுக்காக வேறொரு போர்வை தைத்தார்கள். அது அறுகோணத் துண்டுகளால் ஆனது. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று பூப்பூவாக அமைந்தது. இன்று அது லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தைத்தவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள்.

சதுரத்தைவிட அறுகோணம் ஏன் கடினம்? ஒழுங்கான அறுகோணத்தின் ஒவ்வொரு கோணமும் 120 பாகை. மூன்று அறுகோணங்கள் ஒரு முனையில் சந்தித்தால் 360 பாகை, இடைவெளியே இருக்காது. அந்தக் கணக்குத் துணியிலும் அப்படியே பலிக்க வேண்டும். ஒரு துண்டு கொஞ்சம் பெரிதானால் ஆறு பக்கமும் இடிக்கும். துணி சுருங்கும், நடுவில் உப்பும்.

இங்கே பிழைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 10 சதுரங்களை ஒரே வரிசையில் தைக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் வரிசை 10 மில்லிமீட்டர் நீண்டுவிடும். இது ஒரே திசையில் சேரும் பிழை, அதாவது முறைசார் பிழை. ஆனால் சிலது 1 மில்லிமீட்டர் பெரிதாகவும் சிலது 1 மில்லிமீட்டர் சிறிதாகவும் கலந்து வந்தால், ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டும். அப்போது மொத்தப் பிழை பெரும்பாலும் 10இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இது தற்செயல் பிழை. அப்படியென்றால் தற்செயல் பிழை நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 10 மில்லிமீட்டர் நீண்ட வரிசைக்குப் பக்கத்தில் அதேபோல 10 மில்லிமீட்டர் நீண்ட இன்னொரு வரிசை வந்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். போர்வை சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். துண்டுக்குத் துண்டு அளவு மாறினால்தான் முனைகள் சந்திக்க மறுக்கும். குவில்ட் தைப்பவருக்குச் சரியான அளவைவிட ஒரே அளவுதான் முக்கியம்.

அந்த ஒரே அளவை எதன் பொறுப்பில் விடப்போகிறோம் என்பதே இயந்திரத் தேர்வின் சாரம். அறுகோணத் தையலில் பழைய வழி, காகிதத்தில் அறுகோணம் வெட்டி, அதன்மேல் துணியை மடித்து இழையோட்டித் தைப்பது. துணியை எப்படி வெட்டினாலும் பரவாயில்லை, அளவைக் காகிதம் பார்த்துக்கொள்ளும். அச்சு இயந்திரத்தில் அந்தப் பொறுப்பு எஃகுக்குப் போகிறது. கணினி இயந்திரத்தில் மோட்டாருக்கும் மென்பொருளுக்கும் போகிறது.

அச்சு இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. பிஸ்கட் மாவை அச்சால் வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் கூரான எஃகுப் பட்டையை அறுகோணமாக வளைத்துப் பதித்திருப்பார்கள். பட்டையைச் சுற்றி நுரைப்பஞ்சு இருக்கும். அதன்மேல் துணி, துணியின்மேல் ஒரு பிளாஸ்டிக் தகடு. இந்த அடுக்கை இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி அனுப்பினால் துணி அறுபடும். அழுந்திய நுரைப்பஞ்சு மீண்டு, வெட்டிய துண்டை வெளியே தள்ளும்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 200 நியூட்டன் விசையை உள்ளங்கையளவு பரப்பில், அதாவது 0.01 சதுர மீட்டரில் செலுத்தினால் அழுத்தம் 20,000 பாஸ்கல். அதே விசை 10 சென்டிமீட்டர் நீளமும் 0.05 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கத்தி முனையில் விழுந்தால் 4 கோடி பாஸ்கல், 2,000 மடங்கு. உருளைக்கு இணையாக அந்த 10 சென்டிமீட்டர் பட்டை முழுவதும் ஒரே நேரத்தில் அகப்பட்டால் கைப்பிடி சட்டென்று கனக்கும். பட்டை சற்றுச் சாய்ந்திருந்தால் ஒரு கணத்தில் 1 சென்டிமீட்டர் மட்டுமே உருளைக்குக் கீழே வரும், பத்தில் ஒரு பங்கு விசை போதும். பல அச்சுகளில் சதுரம் பலகையில் கோணலாகப் பதிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. பார்ப்பவர்களுக்குத் தயாரிப்புக் கோளாறு போலத் தோன்றும்!

துணியை வைக்கும் திசையும் முக்கியம். நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் குறைவாக நீளும், குறுக்கே ஓடும் ஊடை சற்று அதிகமாக நீளும், தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் மூலைவாட்டில் மிக அதிகமாக நீளும். ஒரு கைக்குட்டையை மூன்று திசையிலும் இழுத்துப் பாருங்கள். உருளை துணியை இழுத்துக்கொண்டு போவதால், பாவு நூல் உருளை செல்லும் திசையில் இருக்கும்படி வைப்பதே நல்லது.

இனி வாங்கும் கணக்கு. 60 பூக்கள், பூவுக்கு 7 அறுகோணம் என்றால் 420 துண்டுகள். கையால் ஒன்றுக்கு 1 நிமிடம் என்று வைத்தாலும் 7 மணி நேரம். 4 அறுகோணங்கள் உள்ள அச்சில் 6 அடுக்குப் பருத்தித் துணியை வைத்தால் ஒரு சுற்றில் 24 துண்டுகள், 18 சுற்றில் வேலை முடியும். மாறாக, சாங்கிப் போர்வை போல 66 சதுரங்கள்தான் வேண்டுமென்றால் இயந்திரமே வேண்டாம் என்பேன். நீள அளவுகோலும் வட்டக் கத்தியும் போதும்.

2017இல் வந்த கிரிகட் மேக்கர் போன்ற கணினி இயந்திரங்கள் ஒட்டும் பாயில் ஒட்டிய துணியின்மேல் சிறு சுழல் கத்தியை நகர்த்தி வெட்டுகின்றன. யானை, மயில், தமிழ் எழுத்து என்று எந்த வடிவத்தையும் புதிய அச்சு வாங்காமல் வெட்டலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஓர் அடுக்குத்தான். 420 ஒரே மாதிரித் துண்டுகளுக்கு அது பொறுமையைச் சோதிக்கும். ஆகவே பள்ளி மன்றத்துக்குக் கைப்பிடி இயந்திரமே என் தேர்வு. மின்சாரமும் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து மின் இயந்திரம் தருவிப்பவர்கள் அதன் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 110 வோல்ட்டுக்குச் செய்த எளிய மின்தடையை நமது 230 வோல்ட்டில் செருகினால் திறன் இரு மடங்கு அல்ல, 4 மடங்குக்கும் மேல் ஆகும்.

கடையில் அச்சின் அளவையும் கவனியுங்கள். தைத்து முடித்தபின் 2 அங்குலம் வர வேண்டிய சதுரத்தை, தையலுக்காகப் பக்கத்துக்குக் கால் அங்குலம் சேர்த்து இரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும். அச்சின் உறையில் உள்ள எண் வெட்டும் அளவா, தைத்த அளவா என்று பாருங்கள். உருளைகளின் இடைவெளிக்கு ஏற்ற தடிப்புள்ள அச்சுதானா என்பதையும் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. 5 சென்டிமீட்டர் அட்டைச் சதுரம் ஒன்றை அச்சாக வைத்து, காகிதத்தில் கோடு போட்டு 10 சதுரங்கள் வெட்டுங்கள். பிறகு இன்னும் 10 வெட்டுங்கள். ஆனால் இம்முறை ஒவ்வொரு சதுரத்தையும், அதற்கு முன் வெட்டியதை அச்சாக வைத்து வரையுங்கள். இரண்டு தொகுதிகளையும் தனித்தனி வரிசையாக அடுக்கி, நீளம் 50 சென்டிமீட்டரிலிருந்து எவ்வளவு விலகுகிறது, ஏன் என்று குறித்து வையுங்கள்.