வெண்டர் செய்த தவறு என்றால் பொறுப்பு யாருக்கு?

“கசிவு எங்களிடம் நடக்கவில்லை, எங்கள் வெண்டரிடம்தான் நடந்தது.” வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே போகும்போது நிறுவனங்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் இது. வேலையை வெளியே கொடுத்தால் பொறுப்பும் கூடவே போய்விடும் என்று பலர் மனப்பூர்வமாகவே நம்புகிறார்கள். இந்தியச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 8-ஆவது பிரிவில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, தன் சார்பில் இன்னொருவர் தரவைக் கையாண்டாலும் சரி, பதில் சொல்ல வேண்டியது வேலையைக் கொடுத்த நிறுவனமே என்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி வரை. 2025 நவம்பரில் வந்த விதிகள், பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்தன.

சட்டம் ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு பிரிட்டனின் டிக்கெட்மாஸ்டர் வழக்கைப் பார்க்கலாம். அந்த நிறுவனம், இன்பென்டா என்ற வெண்டர் தந்த சாட்பாட்டைத் தன் இணையதளத்தில், பணம் செலுத்தும் பக்கம் உட்பட, வைத்திருந்தது. ஒரு பக்கத்தில் ஓடும் வெளி ஸ்கிரிப்டால், அதே பக்கத்தில் வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் அட்டை எண்ணையும் படிக்க முடியும். 2018-இல் தாக்கியவர்கள் டிக்கெட்மாஸ்டரைத் தொடவே இல்லை. இன்பென்டாவின் ஸ்கிரிப்டை மாற்றினார்கள், அட்டை விவரங்கள் வந்து கொட்டின. ஏப்ரலிலேயே மோன்சோ வங்கி எச்சரித்தும் ஜூன் 23 வரை கசிவு ஓடியது. தவறு வெண்டருடையது என்ற வாதத்தை ஏற்காமல், பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 நவம்பரில் டிக்கெட்மாஸ்டருக்கு 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. இது நியாயம் என்றே நினைக்கிறேன். சாட்பாட்டைப் பணம் கட்டும் பக்கத்தில் வைப்பது என்ற முடிவு வெண்டருடையது அல்லவே.

“நஷ்டஈடு ஷரத்து இருக்கிறது, வெண்டரிடம் வாங்கிக்கொள்வோம்” என்பார்கள். வெண்டர் நிலைத்தால்தானே வாங்குவது? அமெரிக்காவில் மருத்துவப் பாக்கிகளை வசூலித்துத் தந்த ஏ.எம்.சி.ஏ. நிறுவனத்தில் நடந்த ஊடுருவல் 2019-இல் வெளியே வந்தது. குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் பரிசோதனைக்கூடத்தின் நோயாளிகள் மட்டுமே சுமார் 1.19 கோடிப் பேர் அதில் சிக்கினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதமே வசூல் நிறுவனத்தின் தாய் நிறுவனம் திவால் மனு போட்டது. ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. செல்லத்தக்க ஒப்பந்தம் இல்லாமல் வெண்டரை அமர்த்தவே கூடாது என்கிறது நம் சட்டம். ஆனால் ஒப்பந்தம் இரு நிறுவனங்களுக்கு இடையிலான கணக்கு. அதில் கையெழுத்திடாத வாடிக்கையாளரை அது கட்டுப்படுத்தாது.

அப்படியானால் வெண்டர் தப்பிவிடலாமா என்ற கேள்வி சரியானதே. இந்தியச் சட்டம் இந்தக் கடமைகளை வெண்டர் மேல் நேரடியாகச் சுமத்தாதது ஒரு குறைதான். பிரிட்டனில் 2025 மார்ச்சில், தேசிய சுகாதாரச் சேவைக்கு மென்பொருள் தந்த அட்வான்ஸ்ட் என்ற வெண்டருக்கே 30.7 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. அதனிடமிருந்து கசிந்தவற்றில், வீட்டிலேயே பராமரிக்கப்பட்ட 890 பேரின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்ற விவரமும் இருந்தது.

இதைவிட வலுவான ஆட்சேபம் சிறு நிறுவனங்களுடையது: பெரிய கிளவுட் நிறுவனத்தின் சர்வர் அறையை நான் போய்ச் சோதிக்கவா முடியும்? முடியாதுதான். ஆனால் என்ன கொடுப்பது என்பது அந்தச் சிறு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்புபவருக்குக் கைபேசி எண் போதும். பிறந்த தேதியும் முகவரியும் சேர்ந்த முழு எக்செல் கோப்பு எதற்கு? வேலை முடிந்தபின் வெண்டரிடமுள்ள பிரதியையும் அழிக்கச் செய்வது சட்டப்படி நிறுவனத்தின் கடமை. எந்த வெண்டரிடம் எந்தக் கோப்பு, எந்தத் தேதியில் போனது என்ற பட்டியல் இல்லாமல் அதைச் செய்ய வழியில்லை.